ஜரிகை உறுத்துகிறது என்று பிள்ளை சொன்னால்

காஞ்சிபுரத்தில் ஒரு பெண்பிள்ளை கல்யாண மண்டபத்தில் பட்டுப்பாவாடையைக் கழற்றச் சொல்லி அழுதால், அதற்குச் சுற்றியிருப்பவர்கள் வைக்கும் பெயர் அடம். பெற்றவளுக்கும் ஒரு பெயர் உண்டு: செல்லம் கொடுத்துக் கெடுத்தவள். நான் அதே ஊரில், ஓரிக்கையில், தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். என் மகளுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளவள். இந்த இரண்டு பெயர்களையும் சொந்தக்காரர் வீடுகளில் கேட்டு வருகிறோம். இரண்டுமே தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜரிகைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் எறும்பு. கையில் எறும்பு, கழுத்தில் எறும்பு என்பாள். அவள் மிகைப்படுத்திப் பேசுகிறவள் இல்லை, பேசுவதே குறைவு. நமக்கெல்லாம் உடுத்திய கொஞ்ச நேரத்தில் உடம்பில் துணி இருப்பதே மறந்துவிடும். மூளை அந்தச் சேதியை ஒதுக்கிவிடுகிறது. சிலருக்கு அது ஒதுங்குவதில்லை. சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிள் காலை எட்டு மணிக்கு எப்படிக் குத்தியதோ, பள்ளி விடும்போதும் அப்படியே குத்தும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, புலன்களின் இந்த மிகை உணர்வை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆட்டிசத்தோடு வாழும் கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், சிறுவயதில் தேவாலயத்துக்குப் போக உடுத்திவிட்ட முரட்டு உள்பாவாடை தன்னை எப்படி வதைத்தது என்று எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கல்யாணங்கள்தான் கண்முன் வந்தன.

இது ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மட்டும் உள்ள பாடு என்றும் நினைக்க வேண்டாம். அக்கி வந்து ஆறிய இடத்தில் புடவைத் தலைப்பு பட்டாலே சிலருக்கு எரியும். கரப்பான் உள்ள குழந்தைக்கு வேர்வையோடு ஒட்டும் துணி நரகம்.

இதில் பட்டின் மேல் குற்றமில்லை. தறிக்காரர் மகள் என்பதால் சொல்லவில்லை. பட்டு இழை மிக மெல்லியது, ஒரு கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் நீளத்துக்கு அறுபடாமல் வருவது. தோலைக் குத்துவது பெரும்பாலும் தடித்த இழைகளின் வெட்டுமுனைகள். முரட்டுக் கம்பளி அரிப்பது அதனால்தான். சாயத்துக்கு முன் நூலை அவித்துப் பசை எடுக்கிறார்கள். எடையில் சுமார் கால்வாசி அதிலேயே போய்விடும். அவித்த நூலைக் கையில் எடுத்தால் இதைவிட மிருதுவாக ஒன்று உண்டா என்று தோன்றும். உறுத்துவதெல்லாம் அதற்குப் பிறகு நாம் சேர்ப்பவை. ஜரிகை என்பது நூலின் மேல் சுற்றிய உலோகத் தகடு. புடவையின் உடலையும் பேட்டு என்னும் கரையையும் இணைக்கும் கோர்வையை விரலால் தடவினாலே தெரியும். சில வகைப் புட்டாக்களில் பின்பக்கம் ஓடும் இழையை அறுத்துவிடுவார்கள், அந்த முனைகள் உள்ளே நிற்கும். பிறகு தையல்காரர் கைவிளிம்பிலும் கழுத்திலும் ஜரிகைக் கரையை வைத்துத் தைக்கிறார். தோல் மிக மெல்லியதாக இருக்கும் இடங்களிலேயே கொண்டுபோய் உலோகத்தை வைக்கிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இது. மகளின் ரவிக்கையில் கைக்கும் கழுத்துக்கும் கரை கிடையாது. உள்ளே என் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த ஷிம்மி. பல வருஷம் துவைத்து இளகிய பருத்திக்கு ஈடான துணியை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. நம் பாட்டிமார் பிறந்த குழந்தைக்குப் பழைய துணியைத்தானே முதலில் சுற்றினார்கள்! புதுத்துணி வாங்கினால் கஞ்சிப்பசை முழுக்கப் போகும்வரை துவைத்த பிறகே அவளிடம் தருகிறேன். லேபிளைக் கத்தரியால் வெட்டினால் மிஞ்சும் துண்டு முன்னைவிட மோசமாகக் குத்தும். தையலையே பிரித்து எடுக்க வேண்டும். கடையில் உள்ளங்கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளங்கைத் தோல் தடித்தது. பிள்ளையின் கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், பிறகு பிள்ளையையே கேளுங்கள்.

அடுத்தது பள்ளிச் சீருடை. பாலியெஸ்டர் தன் எடையில் அரை சதவீதம்கூட ஈரம் வாங்காது. பருத்தி சுமார் எட்டு சதவீதம் வாங்கும். சித்திரை வெயிலில் பாலியெஸ்டர் கலந்த சீருடையோடு டையும் சாக்ஸும் மாட்டிய பிள்ளை, பாடத்தை எங்கே கவனிக்கும்? மகள் முன்பு படித்த பள்ளியில், ஒருத்திக்காக விதியைத் தளர்த்த முடியாது என்றார்கள். விதியைவிடப் பெரியது சட்டம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 16-ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கேற்ப நியாயமான வசதிகள் செய்யப்பட வேண்டும் என்கிறது. அதே நிறத்தில் பருத்திச் சீருடை, சாக்ஸிலிருந்து விலக்கு, சட்டைக்கு உள்ளே மெல்லிய பனியன். இவை அந்த வசதிக்குள் அடங்கும் என்பது என் உறுதியான கருத்து. பெற்றோர் இதை எழுத்தில் கேட்க வேண்டும்.

இனி எங்கள் ஊருக்கு. ஜரிகையே இல்லாமல், பேட்டையும் முந்தியையும் வேறு நிறப் பட்டிலேயே நெய்யத் தெரியாதவர்களா இங்கே இருக்கிறார்கள்? சிறுமுகையில் மென்பட்டு நெய்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறார்கள். திருப்பூரில் வெளிநாட்டுக்குப் போகும் பனியன்களில் லேபிளைத் தைக்காமல் துணியிலேயே அச்சிடுகிறார்கள். இங்குள்ள பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் ஜரிகை இல்லாத பாவாடைத் துணியை நெய்யட்டும். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் அதைத் தன் கடைகளில் தனி அலமாரியில் வைக்கட்டும். எங்களைப் போன்றவர்கள் தேடி வந்து வாங்குவோம்.

என் அண்ணன் இன்னும் தறியில் உட்காருகிறார். அவரிடம் சொன்னபோது மறுக்கவில்லை, ஆனால் ஒரு கேள்வி கேட்டார்: "ஜரிகை வேலைக்குத்தாம்மா கூலி. சாதாப் பட்டுன்னா கூலியைக் குறைச்சிடுவாங்களே, அதுக்கு என்ன பண்றது?" நியாயமான கேள்வி. ஜரிகையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைச் சேர்த்து, சாதாப் பட்டுக்கும் ஜரிகைப் பட்டுக்கு நிகரான கூலியை நிர்ணயிக்க வேண்டும். கைத்தறித் துறை அதிகாரிகளும் சங்க நிர்வாகிகளும் அடுத்த கூலிப் பேச்சில் இதை எடுக்க வேண்டும்.