நெசவாளர் இல்லமும் தீயபாயமும்

2024 டிசம்பர் 12-ந் தேதி இரவு திண்டுக்கல்லில் தனியார் வைத்தியசாலையொன்று தீப்பற்றியதில் 6 பேர் மாண்டனர். அவர்கள் உயிரைக் குடித்தது நெருப்பன்று, புகையே. காஞ்சி மக்கள் இதைச் சிந்திக்கவேண்டும். இங்கே நெசவாளருக்கு இல்லமே தொழிற்சாலை. மரத்தறி, பட்டு, அடுப்பு, மின்கம்பி, உறங்கும் குழந்தைகள் யாவும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. பட்டு எளிதில் பற்றாதென்பது மெய்யே. எரிந்தாலோ விஷப்புகையைக் கக்கும். புகைநாற்றம் உறங்குவோரை எழுப்புமென்று நம்புவது பேதைமை. கூரையின் அடிப்புறத்தில் பொருத்தும் சிறு புகையுணர் கருவியோ உரக்க ஒலித்து எழுப்பும். உயர்ந்த மாளிகைகளுக்கும் பெரிய ஹோட்டல்களுக்கும் விதிக்கப்படும் இக்காப்பு, ஏழை நெசவாளன் வீட்டுக்கு வேண்டாமா? பட்டும் ஜரிகையும் கொடுத்து நெசவு வாங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் இக்கருவியையும் கொடுத்தல் அவசியமென்று வற்புறுத்துகிறோம். அடுப்புக்கு அருகில் வையாது, மாதமொரு முறை அதைச் சோதித்து வருதல் வீட்டாரின் கடமையாகும்.