மணவினையும் மகிழடிச் சூளும்

"இருவர் உள்ளம் ஒன்றினால் அமையும்; தாலியும் சான்றும் பதிவேடும் எற்றுக்கு?" என்னும் வினா இக்காலத்துப் பலராலும் எழுப்பப்படுகின்றது. தொழிற்பேட்டையும் படைக்கலத் தொழிற்சாலையும் கணினிப் பணியகங்களும் மலிந்த அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில், பிழைப்பு நாடிப் பல ஊர்களினின்றும் வந்து தங்கும் இளைஞர்க்கு இஃது ஏட்டு வினாவன்று, வாழ்க்கை வினாவாம். இதற்கு விடையிறுக்கப் புகுந்த பெரியோர் சிலர், "இது மேனாட்டுத் தீயொழுக்கம்" என வைதொழிகின்றனர். வைதல் விடையாகாது. உண்மை விடை அப்பகுதியிலுள்ள திருமுல்லைவாயிலிலேயே உளது.

சங்கிலியார் ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்து, பெற்றோர் பேசிய மணத்தை மறுத்து, திருவொற்றியூரிற் கன்னிமாடத்திருந்து இறைவர்க்குப் பூத்தொண்டு செய்தவர். அவரை மணக்க விழைந்த சுந்தரமூர்த்தி நாயனார், "பிரியேன்" எனச் சூளுறல் வேண்டும் என்று அறிந்தார். பிற பதிகளையும் சென்று வணங்கும் விருப்புடைய அவர், தாம் சந்நிதியிற் சூளுறும்போது இறைவர் அவ்விடம் நீங்கி மகிழமரத்தடியில் எழுந்தருளல் வேண்டும் என விண்ணப்பித்தார். இறைவரும் இசைந்தார். ஆயின் அவரே சங்கிலியார் கனவிற் தோன்றி, மகிழடியிலேயே சூள் கொள்க எனவும் அருளினார். சான்றாவார் இல்லாத இடத்திற் சூளுற எண்ணியவர், சான்றாவார் இருந்த இடத்திலேயே சூளுற்றார். பின்னர்த் திருவாரூர் வசந்த விழாவை நினைந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், இருகண்ணும் ஒளியிழந்தன. கண்ணிழந்த நிலையில் அவர் வந்து பாடிய பதியே திருமுல்லைவாயில். சங்கிலியார் பொருட்டுத் தம் கண் கொள்ளப்பட்டதை அப்பதிகத்தில் அவர் தாமே கூறுகின்றார்.

இவ்வரலாற்றின் கருத்து யாது? சுந்தரர்க்குச் சங்கிலியார்பால் அன்பு இல்லாமலில்லை. அன்பு இருந்தும் பிரிவு நேர்ந்தது. உள்ளம் ஒரு பருவத்தே ஓரிடத்தும் மறு பருவத்தே வேறிடத்தும் செல்லும் இயல்பினது. அவ்வியல்பை அறிந்தே சூள் வேண்டப்பட்டது. "அன்பிருக்கச் சூள் எதற்கு?" என்பார், அன்பு தளரும் நாளை எண்ணாதவராவர். "சான்று வேண்டா, இருவரே போதும்" என்பாரோ, இறைவரைச் சந்நிதி விட்டு மகிழடிக்குச் செல்க என வேண்டியவரை ஒப்பர்.

"உடன்வாழ்தலைச் சட்டமே ஏற்றதன்றோ?" எனின், கூறுதும். வயதுவந்த இருவர் மணமின்றி இசைந்து வாழ்தல் குற்றமன்று என்பது 2010-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியதே. தண்டனைக்குரியதன்று என்பதனால் ஒன்று போற்றற்குரியதாகிவிடாது. அன்றியும், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மணத்தையொத்த உறவில் வாழும் பெண்ணுக்கும் காப்பளித்தது. அவ்வுறவு யாது என்பதைத் தமிழ்நாட்டினின்று சென்ற ஒரு வழக்கில் அதே 2010-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வரையறுத்தபோது, இருவரும் உலகத்தார் முன் கணவன் மனைவியரைப் போலத் தம்மைக் காட்டி வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றது. சான்று வேண்டா எனத் தொடங்கிய வாழ்க்கையிற் கைவிடப்பட்டவள், ஈற்றில் அண்டை வீட்டாரையும் வீட்டு உரிமையாளரையும் சான்றுக்கு அழைக்க வேண்டியவளாகின்றாள். தொடக்கத்தே ஒரு நாளிற் பெறற்பாலதாகிய சான்றை அவள் துயரக் காலத்தே தேடி அலைகின்றாள்.

"மணம் பெண்ணை அடிமையாக்கிற்று" என்பது அடுத்த தடை. இதில் உண்மை இல்லை என்பார் வரலாறு அறியார். குழந்தை மணமும், கைம்மை இழிவும், 1961-ஆம் ஆண்டே சட்டம் விலக்கியும் ஒழியாத வரதட்சிணையும் பொய்யல்ல. ஆயின் இவை மணத்தைப் பற்றிய களிம்பு, செம்பாகா. தில்லைத் திருநீலகண்டக் குயவனார் பரத்தையிற் பிரிந்து வந்தபோது, அவர் மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாதென்றார். கணவர் முதுமையளவும் அவ்வாணையைக் காத்தார். மனைவியின் மறுப்புக்கு அத்துணை மதிப்பளித்த சமயம் மணத்தை அடிமைத்தனம் எனக் கருதியிருத்தல் கூடுமோ? மகிழடிச் சூளும் ஆடவரையே பிணித்தது. தவறியபோது ஒறுக்கப்பட்டவரும் ஆடவரே. தம்பிரான் தோழர் என்னும் உரிமையும் அவரைக் காக்கவில்லை.

"சுந்தரர்க்குப் பரவையாரும் இருந்தனரே; இருமணம் உடையார் எங்ஙனம் சான்றாவர்?" எனின், இருதார மணம் இன்று அறமுமன்று, சட்டமுமன்று. சென்னை மாகாணம் 1949-லும், இந்து திருமணச் சட்டம் 1955-லும் அதனைத் தடுத்தன. வரலாற்றினின்று கொள்ளற்பாலது மனைவியர் தொகையன்று. கொடுத்த சொல்லின் கட்டுப்பாடே.

இனி, மணத்தைப் போற்றுவேம் என்பார் செயலும் ஆராய்தற்குரியது. மண்டபத்திற்கும் விருந்திற்கும் நகைக்கும் இலக்கக் கணக்கிற் செலவிடுகின்றனர். சாதகப் பொருத்தம் பத்தும் பார்க்கின்றனர். மணமக்கள் ஒருவர்க்கொருவர் யாது உறுதி கூறினர் என வினவினால் விடையில்லை. மந்திரம் புரோகிதர் வாயில். மணமகன் பார்வை படக்கருவியின்மேல். மணம் ஆடல்பாடலுக்கும் உண்டாட்டுக்கும் வரதட்சிணைக்கும் உரிய நிகழ்ச்சியன்று என 2024-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் கூற நேர்ந்தது இவர்க்கு நாணம் தரற்பாலது. மணத்தை வேண்டாவென்னும் இளைஞரிற் பலர், மணத்தைக் கண்டு வெறுத்தவரல்லர். மணத்தின் பெயரால் நிகழும் இவ்வாரவாரத்தையும், அதன்பின் தம் வீட்டிற் கண்ட கொடுமையையும் வெறுத்தவராவர். அவரை வைவதினும் தம் இல்லத்தைத் திருத்துதல் பெரியோர்க்கு முற்கடமை.

இல்லறம் எல்லார்க்கும் கட்டாயம் எனச் சைவம் விதித்ததில்லை. திலகவதியாரும் நாவுக்கரசரும் மணமின்றியே உயர்ந்தனர். துறவும் ஒரு நெறி, மணமும் ஒரு நெறி. இரண்டும் உறுதிமொழியால் நிற்பன. உறுதிமொழி யாதும் இன்றி இன்பம் மட்டும் கொள்வது இவ்விரண்டனுள் ஒன்றன்று.

ஆகலின் சைவ நன்மக்கள் செய்யற்பாலது ஒன்றுண்டு. திருமுல்லைவாயிலிலும், மூலத்தானத்தே அம்மையப்பர் திருமணக் கோலங் காட்டும் திருவேற்காட்டிலும், பாடித் திருவலிதாயத்திலும் மணமுடிப்போர், தாலி கட்டுமுன் சந்நிதியில் நின்று, தமக்கு விளங்கும் தமிழில், சுற்றத்தார் செவிகேட்க, மணமகன் முதலிலும் மணமகள் பின்னும் தம் உறுதிமொழியைத் தாமே கூறுக. பின்பு 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி மணத்தைப் பதிவு செய்க. இதற்குப் பெரும் பொருட்செலவில்லை. சொல்லைச் சான்றறியக் கொடுத்து அச்சொல்லிலே நிற்றல் என்பது மக்கட்கு வேண்டுமளவும் மணமும் வேண்டும். அது வேண்டாத சமூகம் எக்காலத்தும் இல்லை.

சிவம்.