தேங்கிய சரக்கு சொல்லும் செய்தி



பார்சல் அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு நாளடைவில் ஓர் உண்மை புலப்படும். வண்டிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்றறியக் கால அட்டவணையைப் பார்க்க வேண்டுவதில்லை. நடைமேடையில் குவிந்து கிடக்கும் மூட்டைகளைப் பார்த்தாலே போதும். ஏற்றிச் செல்ல வேண்டியது வரவில்லையாயின் சரக்குத் தேங்கும். நம் உடலிலும் இதுவே நிகழ்கிறது என்பதை என் தாயாரின் கால்கள் எனக்குக் கற்பித்தன. அந்தப் பாடத்தையே இத்திங்கள் நேயர்கள்முன் வைக்கிறேன்.

என் தாயார் ஊரிலிருந்து ஔந்துக்கு வந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவருக்குக் கால் விரல்களில் மதமதப்புக் கண்டது. "தரை பஞ்சுபோல் இருக்கிறதப்பா" என்பார். செருப்புக் கழன்றது தெரியாமலே நடப்பார். வயதின் கோலம் என்று நாங்கள் எண்ணினோம். முகம் வெளுத்திருந்தமையால், இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நானே வாங்கிக் கொடுத்தேன். சில மாதங்களில் முகம் தெளிந்தது, கால் தெளியவில்லை. ஒரு நாள் காலை, கண்களை மூடி முகம் கழுவியவர், நிலை தடுமாறிக் கீழே விழுந்துவிட்டார்.

அதன் பின்னரே மருத்துவரிடம் சென்றோம். அவர் மராட்டியர். "ஆயி, நீங்கள் பால் குடிப்பதுண்டா?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. "குழந்தைகளுக்குப் போக மிஞ்சினால் பார்க்கலாம்" என்றார் தாயார். "அத்தை தயிரைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் தமக்கு நீர்மோர்தான் வைத்துக்கொள்வார்" என்று என் மனைவி மெல்லக் கூறினாள். எத்தனையோ இல்லங்களில் நிகழ்வதுதானே இது!

மருத்துவர் ஐயுற்றது வைட்டமின் பி12 குறைவை. நுண்ணுயிர்கள் மட்டுமே ஆக்கவல்ல இப்பொருள், பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் வழியே நம்மை அடைகிறது. காய்கறியிலும் தானியத்திலும் இதனை நம்பியிருக்க இயலாது. நாளொன்றுக்கு வேண்டுவது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே மைக்ரோகிராம். கல்லீரல் இதனைச் சேமித்து வைத்திருப்பதால், வரவு குறைந்தாலும் பல ஆண்டுகள் வெளியே தெரிவதில்லை.

தாயாரின் இரத்தத்தில் பி12 அளவு எல்லைக்கோட்டில் நின்றது. உண்டு என்பதா, இல்லை என்பதா? இங்கேதான் வேதியியல் துணைக்கு வருகிறது. பி12 நம் உடலில் இரண்டு நொதிகளுக்குத் துணை நிற்கிறது. முதல் நொதி, ஹோமோசிஸ்டீன் என்னும் சிறு மூலக்கூற்றை மெத்தியோனினாக மாற்றுகிறது. இரண்டாவது நொதி தன் வேலையைச் செய்யாவிடில் மீதைல்மலோனிக் அமிலம் மிகுந்துவிடும். எனவே கிடங்கின் இருப்பை மட்டும் எண்ணாமல், இவ்விரு சரக்குகளும் தேங்கியுள்ளனவா என்று பார்க்கவேண்டும். இருப்பு ஏட்டில் இருக்கலாம். வேலை நடக்கிறதா என்பதே கேள்வி.

தாயாரின் இரத்தம் எடுத்த குழாயை உடனே பனிக்கட்டியில் வைத்தனர். ஏன் என்று வினவினேன். குழாயினுள்ளும் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளியிட்டுக்கொண்டே இருக்குமாம். வெறுமே வைத்திருந்தால் மணிக்குப் பத்து விழுக்காடு அளவில் ஏறிவிடுமாம். ஆகவே குளிரச் செய்து, விரைவில் சுழற்றி, அணுக்களைப் பிரித்துவிட வேண்டும். இச்சோதனைக்குச் செல்லும் நேயர்கள் இதனை நினைவிற்கொள்க.

மீதைல்மலோனிக் அமிலத்தை அளப்பது இன்னும் நுட்பமானது. கவலை தரும் அளவு என்று கொள்ளப்படுவது, இரத்த நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். கோடையில் நம் குடியிருப்புகளுக்கு வரும் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் மூன்றில் ஒரு கிராம் உப்பைக் கரைத்தாற்போல! இதனை அளக்கும் முறைகளுள் ஒன்று வாயு நிறப்பிரிகை. அமிலத்தை முதலில் வேறொரு பொருளுடன் வினைபுரியச் செய்து, எளிதில் ஆவியாகும்படி மாற்றுவர். பின்னர் முடிபோன்ற துளையுடைய, பல மீட்டர் நீளக் குழாயினுள் வாயுவோடு செலுத்துவர். எல்லாப் பொருள்களும் ஒருங்கே புறப்பட்டாலும், ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் மறுமுனை சேரும். அங்கே எலெக்ட்ரான்கள் தாக்கிச் சிதைத்த துண்டுகளை நிறைமானி எடை போடும். சக்சினிக் அமிலமும் இதே மூலக்கூற்று எடை உடையது. ஆதலால் எடை மட்டும் போதாது, வந்து சேர்ந்த நேரமும் வேண்டும். வழியில் இழப்பு நேருமே எனில், அதற்கும் வகை செய்துள்ளனர். கனத்த ஹைட்ரஜனைக் கொண்ட அதே அமிலத்தில் அளந்த சிறிதளவைத் தொடக்கத்திலேயே கலந்துவிடுவர். இரண்டும் ஒரே விகிதத்தில் இழப்புறுவதால், ஒன்றைக்கொண்டு மற்றொன்றைக் கணக்கிடலாம்.

இம்முறையின் பெருமை நம் புனே நகரிலேயே விளங்கியது. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் புனேவைச் சேர்ந்த 204 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. பி12 அளவை மட்டும் நோக்கின் 47 விழுக்காட்டினர்க்கே குறைவு; தேங்கிய அமிலத்தை நோக்கினாலோ ஏறத்தாழ முக்கால் பங்கினர்க்கு மிகுதி. மரக்கறி உண்போர் மட்டுமல்லர், புலால் உண்போரும் அவர்களுள் இருந்தனர்.

கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்ஞிக் குழுவினர், புனேயை அடுத்த ஆறு கிராமங்களில் 1993இல் கருவுற்ற தாய்மாரைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினர். அதன் முடிவொன்று 2008இல் வெளியாயிற்று. தாய்மாருள் மூன்றில் இரு பங்கினர்க்குப் பி12 குறைவு. 90 விழுக்காட்டினர்க்கு மீதைல்மலோனிக் அமிலம் மிகுதி. ஃபோலிக் அமிலச் சத்து மிகுந்தும் பி12 குறைந்தும் இருந்த தாய்மாரின் மக்களுக்கே, ஆறு வயதில் இன்சுலினுக்கு உடல் இணங்காத தன்மை மிகுந்து காணப்பட்டது. நீரிழிவுக்கு அது முன்னோடி. தாய் தனக்கென வைத்துக்கொள்ளாததன் கணக்கு, அவள் யாருக்காக விட்டுக்கொடுத்தாளோ அந்தப் பிள்ளையின் ஏட்டிலும் எழுதப்படக் கூடும் என்று இதனைப் படித்தபோது எண்ணினேன்.

என் தாயாருக்கு இரு பொருள்களும் மிகுந்திருந்தன. சிறுநீரகம் பழுதுற்றாலும் இவை ஏறுமாகையால், அதனையும் மருத்துவர் சோதித்து நலமெனக் கண்டார். நான் செய்த தவற்றையும் விளக்கினார். ஃபோலிக் அமிலம் இரத்தத்தைத் தெளிவித்துவிடும். பி12 குறைவால் நரம்புகள் நலிவதைத் தடுக்காது. நோயின் அடையாளத்தை நானே துடைத்துவிட்டு, நோயை வளரவிட்டிருந்தேன்.

ஊசிகள் போடப்பட்டன. இப்போது தாயார் துணையின்றி நடக்கிறார். செருப்பு இருப்பது தெரிகிறது. இடக்கால் விரல்களில் மட்டும் உணர்வு முழுதும் திரும்பவில்லை. இனித் திரும்புமா என்பதற்கு மருத்துவர் உறுதி கூறவில்லை.

நேயர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. கால் மதமதப்போ நடையில் தடுமாற்றமோ மறதியோ கண்டால், வயதென்று தள்ளாமலும், தாமே மாத்திரை வாங்காமலும் மருத்துவரை நாடுக. மரக்கறி உண்போரும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் உட்கொள்வோரும் பி12 பற்றி மறவாது கேட்க. மற்றொன்று, இன்றிரவு உணவின்போது வீட்டுப் பெரியவளின் கலத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது முதற் குவளைப் பால் தாயாருக்கே. "குழந்தைகளுக்கு?" என்று அவர் இன்னும் கேட்பதுண்டு. நான் குவளையை எடுப்பதில்லை.