ஓரிக்கையில் ஒரு டீசல் கணக்கு

குழந்தை சரியாகச் சாப்பிடவில்லையே என்று கவலைப்படும் தாய்மார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தம் வீட்டுப் பிள்ளை அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறது என்று கவலைப்பட்ட ஒரு மனிதரை நான் சமீபத்தில் ஓரிக்கையில் சந்தித்தேன். பிள்ளை என்று அவர் சொன்னது வாசலில் நின்ற காரை. சாப்பாடு என்று சொன்னது டீசலை.

ஓரிக்கை எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், பாலாற்றங்கரையை ஒட்டி இருக்கிறது. பல்லவ அரசன் கணிகண்ணனை நாடு கடத்தியபோது அவனுடைய குருவான திருமழிசை ஆழ்வாரும் கூடவே புறப்பட்டாராம். ஆழ்வார் சொல்லைத் தட்டாத பெருமாளும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தாராம். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ‘ஓரிரவிருக்கை’ ஆகி, அதுவே ஓரிக்கை என்று மருவியது என்று சொல்வார்கள். அந்த மூன்று பேரும் சொட்டு டீசல் செலவில்லாமல் போய்த் திரும்பிவிட்டார்கள். நம் நண்பருக்கு அந்த வசதி இல்லை.

நண்பர் பட்டுப் புடவை வியாபாரத்தில் இருப்பவர். அவருடைய கார் 2013-ஆம் வருஷத்து டீசல் கார். வாங்கிய புதிதில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தது. இப்போது 12 போனால் அதிகம். வாரம் ஒரு நாள் அவருடைய தாயாரைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துப் போய் வரவேண்டும். போக வர 150 கிலோமீட்டர். அது மாதம் 600. உள்ளூர் அலைச்சல் இன்னொரு 600. ஆக மாதம் 1,200 கிலோமீட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 100 லிட்டருக்கு 9,000 ரூபாய் ஆகிறது.

“பணம் கூடப் பெரிதில்லை, சார்” என்றார் நண்பர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. “நான் டீசல் சீட்டைப் பார்த்து முணுமுணுத்தது அம்மா காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து, ‘எனக்கு இப்போது வலி தேவலை, மாதம் ஒரு தடவை போனால் போதும்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வலி தேவலையாகவில்லை என்று எனக்குத் தெரியும்.”

ஒர்க் ஷாப்பில் காட்டினாரா? காட்டினார். ஒரே பார்வையில், “இன்ஜெக்டர் நான்கும் போச்சு. 60,000 ரூபாய் ஆகும்” என்று சொல்லிவிட்டார்கள். மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எதிர்வீட்டுப் பெரியவர் தலையிட்டார். அவர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓரிக்கையில் பஸ் பணிமனை இருப்பதால், இப்படிப்பட்ட அனுபவசாலிகளுக்கு அந்தப் பக்கத்தில் குறைவில்லை.

“தம்பி, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு” என்றார் அவர்.

நோட்டுப் புத்தகத்துக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது, நேயர்களே! போக்குவரத்துக் கழகங்களில் எந்த பஸ் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்கு வைப்பார்கள். ஒரே பஸ் ஒரு டிரைவர் கையில் அதிகமாகவும் இன்னொருவர் கையில் குறைவாகவும் ஓடுவது அந்தக் கணக்கில் தெரிந்துவிடும். இதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த ஊர். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுடைய பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவனுடைய உறவினர் பெயரையும் போடக் கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று. ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே அந்தக் கண்டிப்பு. நாமோ, “ஏதோ பன்னிரண்டு, பதின்மூன்று கொடுக்கிறது” என்று குத்துமதிப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு எடுக்கும் விதம் இதுதான். பம்பில் குழாய் தானாக நிற்கும் வரை டாங்கியை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 300 கிலோமீட்டராவது ஓட்டிய பிறகு, அதே பம்பில், அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். காரின் முகப்பில் மின்னும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே பேசும்.

இரண்டாவது நாள் பெரியவர் டயரைப் பார்த்தார். கதவோரத்து ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருந்தது. சக்கரங்களில் 24, 25 தான் இருந்தது. காற்றுக் குறைந்த டயர் தரையோடு ஒட்டி உருளும். டீசல் கூடுதலாகச் செலவாவதோடு டயரும் ஓரத்தில் தேயும். காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. ஆனால் இதனால் மட்டும் பெரிய லாபம் வந்துவிடாது. இரண்டு, மூன்று சதவிகிதம் கிடைக்கும். “ஆறு கிலோமீட்டரைத் தின்கிற திருடன் இவன் இல்லை, தம்பி, இவன் கூட்டாளி” என்றார் பெரியவர்.

மூன்றாவது நாள் ஒரு சின்னச் சோதனை. நேரான சாலையில், பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தினார்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார் பெரியவர். தொடவில்லை, தொட்டால் சுட்டுவிடும். மூன்று சக்கரங்கள் ஒரே மாதிரி இருந்தன. முன்பக்கத்து இடது சக்கரம் மட்டும் அடுப்பு மாதிரி அனல் வீசியது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால், அரைச் சுற்றிலேயே நின்றது. பிரேக் பிடித்தது பிடித்தபடியே இருந்திருக்கிறது! காலிப்பர் நகரும் பின்னில் துருவேறி, காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. ஒரு கையால் தள்ளிக்கொண்டே மறு கையால் இழுத்துப் பிடிப்பது போலத்தான். திருடர்களில் ஒருவன் அகப்பட்டான்.

இன்னொருவன் எங்கே இருந்தான் தெரியுமா? முகப்பில், எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தான். பெரியவர் வெப்பமானி முள்ளைக் காட்டினார். அரை மணி நேரம் ஓட்டியும் முள் நடுவுக்கு வரவில்லை. கீழேயே சோம்பேறித்தனமாகக் கிடந்தது. “இஞ்சின் குளுமையாக இருப்பது நல்லதுதானே, அண்ணே?” என்றார் நண்பர்.

“நம் உடம்புக்கு ஜுரம் கூடாது, சில்லிட்டுப் போகவும் கூடாது அல்லவா? இஞ்சினுக்கும் அப்படித்தான்” என்றார் பெரியவர்.

இஞ்சின் தண்ணீர் ஓடும் வழியில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சிறிய வால்வு உண்டு. உள்ளே மெழுகு இருக்கும். தண்ணீர் குளிர்ந்திருக்கும் வரை அது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும். ஏறக்குறைய 80-லிருந்து 90 டிகிரி சூடானதும் மெழுகு இளகி விரிந்து வழியைத் திறந்துவிடும். என்றோ ஒரு நாள் வண்டி கொதித்திருக்கிறது. யாரோ ஒரு மெக்கானிக், “நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?” என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டார். நம் நாட்டில் பல பழைய வண்டிகளுக்கு நடந்த வைத்தியம்தான் இது. விளைவு என்ன? இஞ்சின் கடைசி வரை சரியான சூட்டுக்கு வருவதே இல்லை. ஆயில் கெட்டியாகவே இருக்கிறது. காரில் உள்ள கம்ப்யூட்டர், ‘ஐயோ, இன்னும் குளிர் விடவில்லையே’ என்று எண்ணி டீசலைக் கூட்டிக் கொடுக்கிறது. சூடு போதாததால் அதுவும் சரியாக எரிவதில்லை.

டீசல் இஞ்சினுக்குச் சூடுதான் உயிர். பெட்ரோல் இஞ்சினில் பொறி பற்றவைக்கிறது. டீசல் இஞ்சினில் பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கோ அதற்கு மேலோ அமுக்கி, அந்த அமுக்கத்தில் பிறக்கும் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறார்கள். ருடால்ப் டீசல் என்ற பொறியியல் நிபுணர் 1897-ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இஞ்சின், எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கை வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி இஞ்சின்களால் அதில் பாதியை எட்டுவதே கஷ்டம். சிக்கனத்துக்கென்றே பிறந்த இஞ்சின் அது. அது ஊதாரியாகிறது என்றால், பெரும்பாலும் நாம் கெடுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

புது தெர்மோஸ்டாட், கூலன்ட், பிரேக் சீர்செய்த கூலி எல்லாம் சேர்ந்து 3,800 ரூபாய் ஆயிற்று. கூடவே ஏர் பில்டரை மாற்றினார்கள். டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்கள். கரும்புகையும், ஏற்றத்தில் திணறலும், ‘உஸ்’ என்ற சத்தமும் சேர்ந்து வந்தால் அந்தக் குழாயைச் சந்தேகிக்கலாம்.

அப்படியானால் இன்ஜெக்டர் கெடவே கெடாதா? கெடும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிப்பது, நின்றபடி ஓடும்போது நடுக்கம், ‘டக் டக்’ என்ற தட்டல், புகை ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போதும் பணத்தை எண்ணி வைக்குமுன், ‘ரிட்டர்ன் டெஸ்ட்’ செய்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித் தனிக் குப்பியில் பிடித்துப் பார்ப்பார்கள். எந்தக் குப்பியில் மற்றவற்றைவிட மிக அதிகமாகச் சேருகிறதோ, அதுதான் குற்றவாளி. நான்கையும் தண்டிக்க வேண்டிய அவசியமில்லை.

வண்டி சரியாயிற்று. பெரியவர் அத்துடன் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நண்பரின் காலையும் திருத்தினார். அவர் சொன்னதன் சாரத்தை இங்கே தருகிறேன்:

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் டீசல் மிச்சம் என்று நினைப்பது தப்பு. கியரிலேயே வைத்துக் காலை எடுத்தால் இந்தக் காலத்து இஞ்சின்கள் டீசலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலிலோ இஞ்சின் நிற்காமல் ஓடுவதற்காகக் குடித்துக்கொண்டே இருக்கும். இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவது அதைவிட மோசம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும், உயிருக்கே ஆபத்து.

வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 80-ல் போகிறவர் 100-ல் போனால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். சென்னைக்குப் போகும் வழியில் அதனால் மிச்சமாகும் நேரம் கால் மணிகூட இல்லை.

ரயில்வே கேட்டில் நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் அணைத்துவிடுங்கள். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுங்கள். கடைசி நிமிஷத்தில் மிதிக்கும் ஒவ்வொரு பிரேக்கும், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுவதுதான்.

டீசல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று யாராவது வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய கருவிகள் பலவற்றைச் சோதித்துப் பெரும்பாலானவற்றில் பலன் இல்லை என்றே கண்டது. மண்ணெண்ணெய் கலப்பதோ பச்சைத் துரோகம். டீசலின் வழுவழுப்பை நம்பி ஓடும் பம்ப் தேய்ந்து போகும்.

2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் வண்டியின் புகைக் குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும், இஞ்சின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலவழித்து அந்தக் கரியை எரிக்கும். தினமும் கடைத்தெருவுக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டினால், எரிப்பு பாதியில் நின்று, மறுபடி மறுபடி தொடங்கி, டீசல் வீணாகும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டி விடுங்கள். வடிகட்டியைக் கழற்றிவிடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்புங்கள். அந்தக் கரி பிறகு நம் குழந்தைகளின் நெஞ்சில்தான் போய்ச் சேரும்.

ஒரு மாதம் கழித்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். பழைய 18 திரும்பவில்லை, வயதான வண்டிதானே! ஆனால் 12 என்பது 16 ஆகியிருந்தது. 1,200 கிலோமீட்டருக்கு 75 லிட்டர். மாதம் 2,250 ரூபாய் மிச்சம். செலவழித்த 3,800 ரூபாய் இரண்டு மாதத்துக்குள் திரும்பிவிடும். சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது.

நோட்டைப் புரட்டியபோது ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் எதிரே ‘சென்னை’ என்று எழுதியிருந்தது. ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை.

“அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?” என்று கேட்டேன்.

“நான் ஒன்றும் சொல்லவில்லை, சார். இந்த நோட்டை அவர்களிடமே கொடுத்து, ‘அம்மா, இனிமேல் கணக்கு எழுதுவது உங்கள் பொறுப்பு’ என்றேன். இப்போது வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள்!”