பொருந்துவது வேறு, தாங்குவது வேறு

ஆடி பதினெட்டையொட்டிக் கொல்லிமலையில் நடைபெறும் வல்வில் ஓரி விழாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தோம். ஓரியைப் பார்க்கப் போனவர்கள் மின்சாரத்தைப் பற்றி எழுத வருவானேன் என்று இப்பக்கத்தின் நண்பர்கள் கேட்கக்கூடும். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலேறும் தமிழாசிரியரின் மனத்தில் வன்பரணர் இருப்பார், கபிலர் இருப்பார், நற்றிணையும் குறுந்தொகையும் பேசுகிற கொல்லிப்பாவை இருப்பாள். வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் அங்கே இடமில்லை. நமக்கும் இல்லாமல்தான் இருந்தது, அன்றிரவு பதினொரு மணி வரையில்.

நாம் தங்கியிருந்தது செம்மேட்டிலிருந்து சற்றுத் தள்ளி, மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு வீடு. நம்மிடம் இளங்கலை பயின்று, இப்போது மலையிலேயே ஆசிரியராக இருக்கும் மாணவருடையது. அவருடைய தாயாருக்கு நெடுநாளாக ஆஸ்துமா. ஆடிக் காற்று அந்த நோயாளிகளைப் படுத்தும் பாட்டை மலையில் இருந்து பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவில் மென்பொருள் பணியிலிருக்கும் இளைய மகன் விழாவுக்காக வந்திருந்தார். வரும்போது தாயாருக்கென்று ஒரு நெபுலைசர் வாங்கி வந்திருந்தார். திரவ மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சுக்குள் செலுத்தும் சிறு கருவி அது. அதன் பிளக் இரண்டு தட்டைத் தகடுகளைக் கொண்டது. நம் சுவர்த் துளைகளில் நுழையாது. அதற்கும் அவர் வழி செய்திருந்தார். எந்த நாட்டுக்கும் பொருந்தும் என்று உறையில் உலகப்படம் அச்சிட்ட ஓர் அடாப்டரை விமான நிலையத்தில் வாங்கியிருந்தார்.

மாலை ஆறரை மணிக்கு முதன்முறையாக ஓட்டினார்கள். ஓசை சற்று மிகுதியாகத்தான் இருந்தது. "வெளிநாட்டுச் சாமான், வேகமாத்தான் ஓடும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அந்த அம்மா பத்து நிமிடம் மருந்தை உள்வாங்கிவிட்டு, "வாத்தியாரய்யா, நெஞ்சு லேசாயிட்டுதுங்க" என்றார். மகனின் முகத்தில் அப்போது இருந்த நிறைவை நாம் மறக்கவில்லை. இரவு பதினொன்றுக்கு மறுபடி இழுப்பு வந்தது. கருவியைப் போட்டார்கள். இம்முறை அது உறுமியது, அதிர்ந்தது, அரை நிமிடத்துக்குள் கருகல் நாற்றம் அறையெங்கும் பரவியது, பிறகு நின்றுவிட்டது. அம்மாவின் இழுப்பு நிற்கவில்லை. ஜீப் ஒன்றைத் தேடிப் பிடித்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. மறுநாள் நலமாகத் திரும்பினார் என்பதால்தான் இதை இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது.

மாலையில் ஓடிய கருவி இரவில் ஏன் எரிந்தது? இந்தக் கேள்வியே நம்மை ஓரியிடமிருந்து இழுத்துக்கொண்டு போயிற்று. விடையை நமக்குச் சொன்னவர் செம்மேட்டில் மின்பணி செய்யும் இளைஞர் ஒருவர். கருவியைத் திருப்பி அடிப்பகுதியைக் காட்டினார். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் பொறித்திருந்தது. நம் நாட்டு இணைப்போ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் மலையின் கடைக்கோடி வீடுகளில் மாலை நேரத்தில் அந்த 230 வந்து சேர்வதில்லை. நீண்ட கம்பியின் முடிவில், எல்லா வீடுகளும் விளக்கேற்றும் பொழுதில், அந்த வீட்டு ஸ்டெபிலைசரின் முள் 170ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். ஊர் உறங்கியபின் சுமை குறைந்து மின்னழுத்தம் ஏறும். ஆகவே மாலையில் கருவி பட்டது பாதி அடி, இரவில் முழு அடி. லோ வோல்டேஜ் என்று நாம் சலித்துக்கொள்ளும் குறையே அதைச் சில மணிநேரம் காப்பாற்றி, "இது இங்கே ஓடும்" என்ற பொய் நம்பிக்கையையும் தந்திருக்கிறது. முதல் முறையிலேயே எரிந்திருந்தால் நள்ளிரவில் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

(1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வீட்டு இணைப்பில் மின்னழுத்தம் 6 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்றன. அதாவது 216க்கும் 244க்கும் இடையில் இருக்க வேண்டும். விதி எழுதியவர்கள் கம்பியின் கடைக்கோடியில் குடியிருந்ததில்லை போலும்.)

இந்நிகழ்ச்சியைக் கேட்ட நகரத்து நண்பர்கள் சிலர், "மலைவாசிகளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்" என்றார்கள். இந்தப் பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. கருவியின் அடியைத் திருப்பிப் பார்த்தவர் மலையில் இருப்பவர். பார்க்காமல் விட்டவர் பொறியியல் படித்து அமெரிக்காவில் இருப்பவர். பார்க்கத் தோன்றாமல் அருகில் அமர்ந்து வரலாறு பேசிக்கொண்டிருந்தவர்கள் முதுகலைப் பட்டம் பெற்ற நாம். பிழை படிப்பின்மையில் இல்லை. பிளக் நுழைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிற பழக்கத்தில் இருக்கிறது. அடாப்டர் மாற்றுவது வடிவத்தை மட்டுமே. உள்ளே ஓடுவதை அது மாற்றுவதில்லை. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமலேயே நம்மவர் எத்தனை ஆயிரம் பேர் விமானமேறுகிறோம்!

வடிவத்தின் கதையும் சுவையானதுதான். உலகத் தமிழ் மாநாடுகள் நடந்த ஊர்களையே எடுத்துக்கொள்வோம். 1966இல் முதல் மாநாடு நடந்த கோலாலம்பூரில் இன்று மூன்று தட்டை முனைகள்; 1989இல் நடந்த மொரிஷியஸிலும் அவற்றைக் காணலாம். 1970இல் கூடிய பாரிஸில் இரண்டு உருண்டை முனைகள். நில இணைப்புக்கான முனை சுவரிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1974இல் கூடிய யாழ்ப்பாணத்தில் நம்முடையதைப் போன்ற மூன்று உருண்டை முனைகள் நெடுங்காலம் இருந்தன. இலங்கை அண்மை ஆண்டுகளில்தான் தட்டை முனையைப் பொதுத் தரமாக ஏற்றது. 2019இல் கூடிய சிகாகோவில் இரண்டு தகடுகள். ஒரே மொழியைப் பேசக் கூடியவர்கள் ஒரே பிளக்கை எங்கும் செருகியிருக்க முடியாது. ஆனால் இவற்றுள் சிகாகோ ஒன்றுதான் உண்மையில் வேற்றூர். மற்ற ஊர்களில் ஓடுவது 230 வோல்ட்டும் அதன் அக்கம்பக்கமும். அங்கெல்லாம் அடாப்டர் போதும். சிகாகோவில் போதாது.

நம் வீட்டு மூன்று உருண்டை முனை பிரிட்டன் தந்தது. அந்நாடு 1947இல் தட்டை முனைத் தரத்தை வகுத்துக்கொண்டு, வீடுகளில் உருண்டையைக் கைவிடத் தொடங்கியது. அதே ஆண்டில் நம்மையும் விட்டுச் சென்றது. அவர்கள் கழித்ததை நாம் இன்றும் வைத்திருக்கிறோம். பிரிட்டனின் நாடக அரங்குகளில் மட்டும் மேடை விளக்குகளுக்கு நம் 15 ஆம்பியர் உருண்டை முனையே புழங்கிவருகிறது. நாடக அன்பர்கள் இதில் ஆறுதல் கொள்ளலாம்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவினர் வீட்டில் தங்கிய நண்பர்கள் ஒரு வித்தையைக் கற்று வருகிறார்கள். தட்டைத் துளைச் சுவரில், மேலுள்ள நில இணைப்புத் துளையில் பேனா மூடியையோ குச்சியையோ செருகினால் கீழுள்ள இரு துளைகளின் மூடி திறக்கும். அதில் நம்மூர் இரண்டு முனை பிளக்கை அழுத்திவிடலாம். திறமைதான். ஆயினும் அந்த மூடி குழந்தைகளின் விரலுக்காக வைத்த காவல். அந்தச் சுவருக்குரிய பிளக்கினுள் ஒரு ஃபியூஸ் உண்டு. அதுவும் இந்த வித்தையில் விடுபட்டுப்போகிறது. தளர்வாக நிற்கும் முனை சூடேறும், பொறி தட்டும். நூறு ரூபாய் அடாப்டரை மிச்சம் பிடிக்க இத்தனை துணிவு வேண்டாம்.

மீண்டும் மின்னழுத்தத்துக்கு வருவோம். கணக்கு எளிது. வெப்பம் தரும் கருவிகளில் மின்னழுத்தம் இரட்டித்தால் திறன் நான்கு மடங்காகும். 120 வோல்ட்டுக்குச் செய்த அரிசி குக்கரை 230இல் செருகினால் அது ஏறத்தாழ 3.7 மடங்கு கொதிக்க முற்பட்டு எரியும். இங்கிருந்து கொண்டுபோன இஸ்திரிப் பெட்டியை அங்கே செருகினால் ஆபத்தில்லை, பயனுமில்லை. நான்கில் ஒரு பங்கு சூட்டில் சட்டையின் சுருக்கம் போகாது. மோட்டார் உள்ளவற்றில் அதிர்வெண்ணும் சேர்ந்துகொள்ளும். மின்னழுத்தத்தை இறக்கித் தரும் கனத்த டிரான்ஸ்பார்மர் பெட்டி சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் அது 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. அமெரிக்காவில் சுவரில் செருகி ஓடும் பழைய கடிகாரத்தை இங்கே அப்பெட்டி வழியாக ஓட்டினால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். ஜப்பானியர் இத்தொல்லையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை வாங்கியதால், இன்றும் கிழக்குப் பகுதியில் 50, மேற்கில் 60. அமெரிக்கா செல்லும் மணமக்களுக்கென்றே 110 வோல்ட் மிக்ஸி நம்மூர்க் கடைகளில் விற்கிறது. சட்டினி விஷயத்தில் காட்டும் இந்த முன்யோசனை திரும்பி வரும் பொருள்களில் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். கைபேசி, மடிக்கணினி, கேமரா ஆகியவற்றின் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை, 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் எதையும் ஏற்கும். இது நாடு விட்டு நாடு செல்பவனை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. அதன் பயனை நாள்தோறும் துய்ப்பவர்களோ மலையை விட்டு இறங்காதவர்கள். குழல்விளக்கு கண்சிமிட்டித் தோற்கும் மாலைப் பொழுதிலும் கொல்லிமலையில் கைபேசி சார்ஜ் ஏறுகிறது. அந்தச் சார்ஜருக்குச் செம்மேட்டின் மாலையும் டோக்கியோவின் மாலையும் ஒன்றுதான்.

ஆக, எது தாங்கும், எது தாங்காது என்பது முழுவதும் கருவியின் முதுகில் எழுதியிருக்கிறது. கடுகளவு எழுத்தில், ஆங்கிலத்தில். இங்கேதான் நம்மைப் போன்றவர்களின் பங்கு வருகிறது. பிளக்குக்குச் செருகி என்பதா வேறு சொல் ஆக்குவதா என்று கருத்தரங்கில் ஒரு மணிநேரம் வாதிட்டவர்களுள் நாமும் ஒருவர். அதிர்வெண் நல்ல சொல்லா, ஈழத்தார் வழங்கும் மீடிறன் நல்ல சொல்லா என்றும் பேசியிருக்கிறோம். பேசட்டும், தவறில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் இயற்பியல் படித்து, மின்னழுத்தம் என்பதற்கு வரையறை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, தன் சட்டைப்பையிலிருக்கும் சார்ஜரில் 'வி' என்ற ஆங்கில எழுத்தைக் காணும்போது அதுதான் இது என்று அறிவதில்லை. கலைச்சொல் பாடநூலில் ஒருபுறம் கிடக்கிறது, பொருள் கையில் ஒருபுறம் கிடக்கிறது. இறக்குமதியாளர்கள் இரண்டு வரி தமிழில் அச்சிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? அவர்கள் அச்சிடும் நாள் வரும்வரை வகுப்பறையில் செய்யக்கூடியது உண்டு.

அந்த ஆடிக்குப் பிறகு முதலாண்டு மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். வீட்டிலுள்ள மூன்று கருவிகளின் முதுகைப் படித்து, அதிலிருப்பதைத் தாயாருக்குப் புரியும் தமிழில் எழுதி வரவேண்டும். "உள்ளீடு: 100 முதல் 240 வோல்ட்" என்று எழுதியவர்களுக்குப் பாதி மதிப்பெண். "இதை எந்த ஊரிலும் போடலாம், பிளக் மட்டும் மாற்றினால் போதும்" என்று எழுதிய ஒரு மாணவிக்கு முழு மதிப்பெண் தந்தோம். இன்னொருவர் தம் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த முடி உலர்த்தியைப் படித்துவிட்டு, "இதைப் போடாதீர்கள்" என்று ஒரே வரி எழுதியிருந்தார். அவருக்கும் முழு மதிப்பெண்தான். இலக்கியம் கற்பிக்க வந்தவர்களுக்கு இது எதற்கு என்று துறையில் ஒருவர் கேட்டார். சங்க நூல்களுக்கு அருஞ்சொற்பொருள் எழுதிய மரபினர் ஒரு சார்ஜருக்கு எழுதக்கூடாதா என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டுப் போனார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த அம்மா இப்போது நாமக்கல்லில் வாங்கிய நெபுலைசரைப் பயன்படுத்துகிறார். 230 வோல்ட், ஸ்டெபிலைசர் வழியாக. சென்ற தை மாதம் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். மலையில் குளிர் கடுமை என்பதால் தாயாருக்கு மின்கம்பளி அனுப்புவதாகத் தம்பி சொன்னாராம். "அடியில என்ன போட்டிருக்குன்னு படிக்கச் சொன்னேன் ஐயா. 120ன்னு மட்டும்தான் இருக்காம். வேண்டாம்னுட்டேன்" என்றார். பிறகு ஈரோடு போன ஒருவரிடம் சொல்லிச் சென்னிமலைப் போர்வை இரண்டு வாங்கியதாகச் சொன்னார்.