பயிர் செழித்தால் போதுமா?

கேள்வி: தொழிற்சாலைக் கழிவுநீர் கலக்கும் வாய்க்கால் பாய்ச்சலில் நெல் செழிப்பாக விளைகிறது. அந்த அரிசியைச் சாப்பிடலாமா?

பதில்: பரிசோதிக்காமல் சாப்பிட வேண்டாம். நெல், கோதுமை போன்ற தானியப் பயிர்கள் கன உலோகங்களை ஓரளவு தாங்கும். உள்ளே வந்த உலோகத்தில் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொள்ளும். ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். காட்மியம் அப்படியல்ல, பயிர் வாடாமலே மணிக்குள் ஏறிவிடும்.

ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசன வயல்களில் சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் படிந்தது. அங்கு விளைந்த அரிசியைப் பல ஆண்டுகள் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்புகள் முறிந்தன. காட்மியமே காரணம் என்று 1968இல் அந்நாட்டு அரசு அறிவித்தது.

செய்ய வேண்டியவை:

1. கழிவுநீர் பாய்ச்சுவதை நிறுத்தவும்.

2. வழக்கமான மண் பரிசோதனையில் கன உலோகம் தெரியாது. மண், நீர், அரிசி மூன்றிலும் காட்மியம், ஈயம், குரோமியம், ஆர்சனிக் அளவைத் தனியாகக் கேட்டுப் பரிசோதிக்கவும். தீட்டிய அரிசியில் காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச வரம்பு.

3. காட்மியம் மட்டும் இருந்தால், கதிர் வெளிவரும் முன்னும் பின்னும் மூன்று வாரம் வயலில் நல்ல நீரைத் தேக்கவும். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இடவும். ஆர்சனிக் இருந்தால் நீர் தேக்குவது அதை மணியில் கூட்டிவிடும். எனவே முதலில் பரிசோதனை, பிறகே வைத்தியம்.