மறைந்தவரின் ஏடுகளும் மனைவியின் உரிமையும்

எழுத்தாளர் ஒருவர் மறைந்தால் அவர் அச்சேற்றிய நூல்கள் நாட்டுக்கு உரியனவாகி விடுகின்றன. அச்சேற்றாமல் விட்டுச்சென்ற நாட்குறிப்புகள் யாருக்கு உரியன? இக்கேள்வியைக் கேட்பவர் பலர். விடைகூற வேண்டிய இடத்திலே தனியே நிற்பவரோ பெரும்பாலும் அவருடைய மனைவியார்.

புளியங்குளத்தில் இருந்துகொண்டு இதனைச் சிந்திக்கும்போது இது இலக்கியவாதிகளின் பொழுதுபோக்கு விவாதமாக நமக்குத் தோன்றவில்லை. 1997ஆம் ஆண்டு மே மாதம் ‘ஜயசிக்குறு’ படையெடுப்புத் தொடங்கிக் கண்டி வீதியிலே இவ்வூர் மாதக்கணக்கில் போர்முனையாகக் கிடந்தது. பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் கிழக்கே கடற்கரை வரை துரத்தப்பட்டனர். அக்காலங்களில் மக்கள் கையோடு கொண்டு சென்றவை சிலவே: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், தாலிக்கொடி, பிள்ளைகளின் பாடசாலைப் பத்திரங்கள். எழுதுகிறவர் வாழ்ந்த வீடுகளிலே இவற்றோடு இரண்டொரு கொப்பிகளும் சேர்ந்து சென்றன. பதுங்குகுழியின் ஈரத்திலே மடிந்தவையும், வழியிலே விடப்பட்டவையும் போக, எஞ்சியவை இன்று றங்குப் பெட்டிகளின் அடியிலே கறையானுக்கு அஞ்சி உறங்குகின்றன. அவற்றைத் திறப்பதா, அச்சேற்றுவதா, அன்றி நெருப்பிலிடுவதா என்று தனக்குள்ளே வழக்காடும் தாய்மார் நம்மிடையே உளர்.

நம்மவர் வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம் கூறுவோம். புதுமைப்பித்தன் 1948ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதி திருவனந்தபுரத்தில் காசநோயினால் காலமானார். வயது 42. மனைவி கமலா அம்மையாரிடம் எஞ்சியவை ஒரு பெண் குழந்தையும், கணவர் பிரிந்திருந்த காலங்களில் எழுதிய கடிதங்களுமே. அவை நாட்குறிப்புகள் அல்ல. ஆயினும் நாட்குறிப்பினும் அந்தரங்கமானவை. பணமில்லாத தவிப்பும், பிரிவின் துயரும், குடும்பக் கவலையும் மனைவி ஒருத்தியின் கண்ணுக்கென்றே எழுதப்பட்டவை. அவற்றை அம்மையார் 40 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வைத்திருந்தார். 1994ஆம் ஆண்டிலே இளையபாரதி அவற்றைத் தொகுத்துக் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற பெயரில் வெளியிட்டார்.

அந்நூலைப் படித்தபின் புதுமைப்பித்தன் நம் கண்ணுக்குச் சிறியவராகிவிட்டாரா? இல்லவே இல்லை. உலகத்தையே எள்ளி நகையாடிய அந்தப் பேனா, வீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்ப முடியாமல் மனைவியிடம் எப்படித் தவித்தது என்பதை அறிந்தபோது, தமிழ் எழுத்தாளனை இச்சமுதாயம் எந்த நிலையில் வைத்திருந்தது என்பதற்குச் சான்றும் கிடைத்தது. எழுத்தாளரின் மானம் போகும் என்று அஞ்சுகிறவர்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். போனது எவருடைய மானம்?

கடல்கடந்த கதை ஒன்றும் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் நதானியேல் ஹாதோர்ன் 1864ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்தார். மனைவி சோபியாவுக்கு மூன்று பிள்ளைகள், பணமுடை. தம் வாழ்க்கை வரலாறு எழுதப்படுவதைக் கணவர் விரும்பவில்லை என்பதை அறிந்திருந்த அவர், அதற்குப் பதிலாகக் கணவரின் குறிப்பேடுகளிலிருந்து பகுதிகளைத் தெரிந்து, தம் கையாலேயே படியெடுத்து அச்சுக்கு அனுப்பினார். 1866இல் ‘அத்திலாந்திக்’ மாதச் சஞ்சிகையிலே தொடங்கி, 1868இலும் 1870இலும் 1871இலும் அவை நூல்களாயின. கடைசி நூல் வெளிவந்த ஆண்டிலேயே அவர் இலண்டனில் உயிர்நீத்தார். கணவருக்காக உழைத்த அந்த உழைப்பைக் குறைகூற நமக்கு நாவெழாது.

ஆனால் அவர் செய்த வேறொரு காரியமும் உண்டு. கணவர் மது அருந்தியதும், சுருட்டுப் புகைத்ததும், உடலைப்பற்றி வெளிப்படையாக எழுதிய சொற்களும், நண்பர்களைக் குறித்துக் கூறிய காரமான வார்த்தைகளும் அவருக்குப் பொறுக்கவில்லை. அச்சுப்பிரதியில் அவற்றை விட்டுவிட்டதோடு அமையாமல், மூல ஏட்டிலேயே மையால் அழித்தார். சில இடங்களைக் கத்தரிக்கோலால் வெட்டியும் எறிந்தார். ஏறத்தாழ 60, 70 ஆண்டுகள் கழித்து, 1932இலும் 1941இலும், றண்டால் ஸ்டுவாட் என்ற அறிஞர் மூல ஏடுகளை நோக்கி அக்குறிப்புகளைத் திருத்தமாகப் பதிப்பித்தபோதுதான், அதுவரை நாடு அறிந்திருந்த ஹாதோர்ன் மனைவியின் கைபட்டுச் சலவையான ஹாதோர்ன் என்பது வெளியாயிற்று. மை பூசிய இடத்தை உற்று நோக்கியேனும் படிக்கலாம். வெட்டி எறிந்த துண்டை எங்கே தேடுவது?

இதற்கு நேர்மாறாக நடந்தவரையும் சொல்லவேண்டும். அவர் நம் யாழ்ப்பாணத்துக்குப் பழக்கமானவர். 1905ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் உத்தியோகத்தராக வந்திறங்கிய லெனாட் வூல்ப். இங்கே விதவையல்ல, மனைவியை இழந்த கணவர். மனைவி வேர்ஜீனியா 1941இல் இறந்தபோது கட்டுக்கட்டாய் நாட்குறிப்புகளை விட்டுச்சென்றார். குறிப்பிடப்பட்டவர்களிலே பலர் உயிரோடிருந்த காலம் அது. ஆகவே 1953ஆம் ஆண்டில் எழுத்துத் தொழிலைப் பற்றிய பகுதிகளை மாத்திரம் தெரிந்தெடுத்து ஒரு நூலாக வெளியிட்டார். மூல ஏடுகளிலோ கைவைக்கவில்லை. 1969இல் அவரும் மறைந்தார். 1977 முதல் 1984 வரையில் முழு நாட்குறிப்பும் 5 தொகுதிகளாக உலகத்தின் கைக்கு வந்தது. வாழ்பவரின் மனமும் நோகவில்லை. இறந்தவரின் சொல்லும் அழியவில்லை.

நாம் கூறவருவது இதுதான்: அச்சுக்கு எது போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு, மூல ஏட்டை அழிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

முதலாவது உரிமையைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை அவருடைய எழுத்தின் பொருளாதார உரிமைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. அவை உரித்தாளிகளைச் சேர்கின்றன. ‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று கொப்பியை வாங்கிச் சென்று திரும்பாத இலக்கிய அன்பர்கள் (தமிழ் கூறும் நல்லுலகில் இவர்களுக்குப் பஞ்சமே இல்லை) இதனைத் தெரிந்துகொள்வது நல்லது. கணவர் புகழுடையவராக இருந்தார் என்பதற்காக அவருடைய அந்தரங்கத்தைச் சபையிலே வைக்கும் கடமை எந்தப் பெண்ணுக்கும் இல்லை. வெளியிடாமலே வைத்திருக்கவும் அவருக்கு உரிமையுண்டு.

இரண்டாவது விடயத்திலே நாம் கடுமையாகவே பேசவேண்டியிருக்கிறது. வன்னியில் எழுதப்பட்ட குறிப்புகளிலே கணவன் மனைவி பிணக்கு மாத்திரம் இராது. இன்று மேடையில் முழங்குகிறவர் அன்று எங்கே நின்றார், நிவாரணப் பொருளை விற்றவர் யார், பிள்ளைகள் எப்படிக் கொண்டு செல்லப்பட்டனர், குண்டு எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து விழுந்தது என்பனவும் இருக்கும். ஆகவே அந்த அம்மாவின் படலையைத் தட்டப்போகிறவர்கள் வாசகர்கள் மட்டுமல்லர். ‘அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், வீண் வில்லங்கம்’ என்று அன்பாகச் சொல்லும் அரசியற் பிரமுகரும் வருவார். அன்பில்லாமல் கேட்கும் உத்தியோகத்தரும் வருவார். கட்சி எதுவாயினும், நாம் சார்ந்ததாகவே இருப்பினும், அந்தக் கையைத் தடுப்பது நமது கடமை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தியவர்களை நாம் இன்றும் சபிக்கிறோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன என்று ஆண்டுதோறும் கணக்குச் சொல்கிறோம். அடுப்படியிலே எரியும் ஒரு கொப்பிக்கு மாத்திரம் நம்மிடம் கணக்கில்லை.

வெறும் உபதேசம் அந்த அம்மாவுக்கு உதவாது என்பதையும் நாம் அறிவோம். பாரதியார் 1921இல் மறைந்தபின் செல்லம்மாள் ‘பாரதி ஆச்சிரமம்’ என்ற பெயரிலே கணவரின் பாடல்களை அச்சிடத் துணிந்தார். அவருக்கிருந்த துணிவுக்கு ஏற்ற பொருள் இருக்கவில்லை. உரிமைகள் கைமாறிக் கைமாறி, 1949ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் அவற்றைப் பெறும்வரை என்னென்னவோ நடந்தன. பாரதியின் மனைவிக்கே இந்தக் கதியென்றால், கனகராயன்குளத்திலோ நெடுங்கேணியிலோ தையல் இயந்திரத்தை நம்பி வாழும் ஒரு பெண் என்ன செய்வார்?

செய்யக்கூடியது அதிகச் செலவுடையதன்று. 2005 முதல் இயங்கிவரும் நூலக நிறுவனம் ஈழத்து ஏடுகளையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேமித்து வருகிறது. அத்தகைய தொண்டர்கள் வீட்டுக்கே சென்று, கொப்பி வீட்டைவிட்டு வெளியேறாமலே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுக்கலாம். மூலத்தை வீட்டில் வைக்க அஞ்சுகிறவர்களுக்காக வவுனியா வடக்குப் பிரதேச சபை தன் நூலகமொன்றிலே ஓர் இரும்பு அலுமாரியை ஒதுக்கலாம். பொதியைக் கட்டி அரக்கு முத்திரையிட்டு, எந்த ஆண்டு வரை திறக்கலாகாது என்பதை அந்த அம்மாவே தம் கையால் மேலே எழுதட்டும். 20 ஆண்டாயினும் சரி, 50 ஆண்டாயினும் சரி. திறவுகோல்களில் ஒன்று நூலகரிடமும் மற்றொன்று குடும்பத்திடமும் இருக்கவேண்டும். அரசியல்வாதி எவரிடமும் இருத்தலாகாது.

இவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தைச் சபை எடுத்துக்கொள்ளும்போது அந்த அலுமாரிக்கான தொகையைப் பிரேரிக்கும் உறுப்பினர் யார் என்று பார்த்திருப்போம்.